மணிபால், எ சீசன் ஆன் தி பிரிங்க்: இரு விளையாட்டு நூல்கள் – ஒப்பீட்டு விமர்சனம்

'மணிபால்' அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் எழுதி 2003-ஆம் ஆண்டு வெளிவந்த நூல். 'எ சீசன் ஆன் தி பிரிங்க்' ஜான் ஃபைன்ஸ்டைன் எழுதி 1986-ஆம் ஆண்டு வெளிவந்த நூல். முதல் நூல், பணவசதி குறைந்த ஒரு தொழில்முறை பேஸ்பால் அணி தன் வீரர்களை எவ்வாறு தேர்ந்தெடுத்தது என்பதை விவரிக்கிறது. இரண்டாம் நூல், ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை அதன் பயிற்றுநர் ஒரு பருவம் முழுவதும் எவ்வாறு நடத்தினார் என்பதைப் பதிவு செய்கிறது. இரண்டுமே அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையாகி, விளையாட்டு எழுத்தின் போக்கையே மாற்றியவை என்று மதிக்கப்படுகின்றன.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கக் காரணம் உண்டு. அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை, அதை முடிவு செய்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. ஒன்றில் கணக்கு முடிவு செய்கிறது. மற்றொன்றில் ஒரு மனிதரின் மனநிலை முடிவு செய்கிறது. இரண்டு நூல்களும் விவரிக்கும் பருவங்கள் தோல்வியிலேயே முடிகின்றன என்பது கவனிக்கத்தக்க இன்னொரு ஒற்றுமை.

மணிபால்: பின்னணி

2001-ஆம் ஆண்டு ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணி 102 ஆட்டங்களில் வென்றும், இறுதிச் சுற்றுகளின் தொடக்கத்திலேயே நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அந்தப் பருவம் முடிந்ததும் ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் ஆகிய மூன்று முக்கிய வீரர்கள் கூடுதல் ஊதியம் தந்த அணிகளுக்குச் சென்றுவிட்டனர். 2002-இல் ஓக்லாந்தின் மொத்த ஊதியச் செலவு ஏறத்தாழ 4 கோடி டாலர். யாங்கீஸின் செலவு 12 கோடி டாலருக்கும் மேல். அப்படியிருந்தும் அந்த ஆண்டு இரு அணிகளும் தலா 103 வெற்றிகளைப் பெற்றன. ஓக்லாந்து தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்று அமெரிக்கன் லீக்கில் அன்றைக்குப் புதிய சாதனையும் படைத்தது. இது எப்படி நடந்தது என்பதே லூயிஸ் எழுப்பும் கேள்வி.

விடை, அணியின் பொது மேலாளர் பில்லி பீனிடமும் அவரது உதவியாளர் பால் டிபொடெஸ்டாவிடமும் இருக்கிறது. பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஓர் ஆட்டத்தில் 27 அவுட்கள்தாம் உண்டு. அவை தீரும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கும். ஆகவே ஒரு மட்டையாளரிடம் முதலில் பார்க்க வேண்டியது, அவர் அவுட் ஆகாமல் எத்தனை முறை தளத்தை அடைகிறார் என்பதை. பந்தை அடித்து ஓடினாலும் சரி, எறிபவர் நான்கு தவறான பந்துகளை வீசியதால் இலவசமாக நடந்து போனாலும் சரி, தளத்தை அடைவது ஒன்றுதான். ஆனால் பழைய கணக்கான அடி சராசரியில் நடந்து போவதற்கு மதிப்பே கிடையாது. சந்தையும் அதற்கு விலை கொடுக்கவில்லை. பிறர் விலை கொடுக்காத அந்தத் திறமையை ஓக்லாந்து மலிவாக வாங்கியது.

இந்தச் சிந்தனை பீனுடையது அன்று. கான்சஸில் ஓர் உணவு பதப்படுத்தும் ஆலையில் இரவுக் காவலராக வேலை பார்த்துக்கொண்டு, 1977 முதல் சொந்தச் செலவில் பேஸ்பால் ஆய்வுகளை அச்சிட்டு விற்ற பில் ஜேம்ஸுடையது. அவருக்குரிய மரியாதையை லூயிஸ் குறையில்லாமல் தருகிறார். விளையாட்டு உலகம் 25 ஆண்டுகள் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு மனிதரின் கதையாக அந்த அத்தியாயம் தனியாகவே படிக்கத்தக்கது.

மணிபால்: நிறைகள்

நூலின் வலிமை கணக்கில் இல்லை. கணக்கு காப்பாற்றிய மனிதர்களில் இருக்கிறது. ஸ்காட் ஹாட்டபெர்க் பாஸ்டனில் பந்துகாப்பாளராக இருந்தவர். முழங்கை நரம்பு கெட்டுப்போய், பந்தை எறியவே முடியாத நிலைக்கு வந்தவர். காப்பாளர் பந்தை எறிய முடியாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. ஓக்லாந்து மட்டுமே அவருடைய பொறுமையான மட்டை ஆட்டத்தைக் கண்டு, அவரை முதல் தளத்துக்கு மாற்றியது. தெரியாத இடத்தில் நின்று, பந்து தன் பக்கம் வந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சி அவர் கற்றுக்கொள்வதை லூயிஸ் அன்போடு எழுதுகிறார். 2002 செப்டம்பர் 4 அன்று கான்சஸ் சிட்டி அணிக்கு எதிராக 11–0 என்று முன்னிலை பெற்ற ஓக்லாந்து, 11–11 என்று சமநிலைக்கு இறங்கியது. கடைசியில் ஹாட்டபெர்க் அடித்த ஹோம் ரன் 20-ஆவது வெற்றியைத் தந்தது. கதாசிரியர் எவரும் துணிந்து எழுதாத திருப்பம் அது. ஆனால் உண்மையில் நடந்தது.

கையைத் தரையை ஒட்டிக் கொண்டுபோய்ப் பந்தெறியும் சாட் பிராட்ஃபோர்டும் அப்படித்தான். பார்வைக்கு விசித்திரமாக இருந்ததால் பிற அணிகள் பெரிதாக மதிக்காத அவரை, பலன் தெரிந்ததால் ஓக்லாந்து எடுத்துக்கொண்டது. பருமனான உடல்வாகு கொண்ட ஜெரமி பிரௌனை, எந்தத் திறன் தேடுநரும் முதல் சுற்றுக்கு நினைத்துக்கூடப் பார்க்காதபோது, 2002-இல் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தார்கள்.

பீனின் சொந்தக் கதையும் இதற்கு வலுச் சேர்க்கிறது. 1980-இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தது. உயரம், ஓட்டம், தோற்றம் எல்லாம் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். முதன்மை லீக்கில் 148 ஆட்டங்களே ஆடி, அடி சராசரி 0.219 என்ற அளவில் முடிந்துபோனார். கண்ணை நம்பியவர்கள் செய்த தவறுக்குத் தாமே சான்றாக நின்றவர், பிற்காலத்தில் கண்ணை நம்ப மறுத்தார். நூலின் உணர்ச்சி மையம் இதுவே.

மணிபால்: குறைகள்

நூலைப் படித்து முடிப்பவருக்கு, 103 வெற்றிகளும் ஹாட்டபெர்க் போன்ற மலிவு வீரர்களால் கிடைத்தன என்ற எண்ணம் எழும். அது முழு உண்மையன்று. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற மிகேல் தெஹாதா ஓக்லாந்தில்தான் இருந்தார். சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதைப் பெற்ற பேரி ஜீட்டோ, 23 வெற்றிகளோடு அங்கேதான் இருந்தார். டிம் ஹட்சன், மார்க் மல்டர் ஆகிய இன்னும் இரு முதல்தரப் பந்தெறிவாளர்களும் இருந்தனர். இவர்கள் நூலில் வருகிறார்கள். ஆனால் ஆட்டத்தில் வகித்த இடத்தில் சிறு பங்குகூட ஏட்டில் இல்லை. தெஹாதாவை டொமினிக்கன் குடியரசில் இளவயதிலேயே கண்டெடுத்தவர்கள், நூல் கேலி செய்யும் அதே திறன் தேடுநர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். தன் வாதத்துக்கு இடையூறாக இருப்பதை லூயிஸ் மறைக்கவில்லை, ஒதுக்கி வைத்தார் என்பதே சரியாக இருக்கும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மைக் மக்னான்டி 37 வயதான பந்தெறிவாளர். 2002 ஜூலை இறுதியில் ரிக்கார்டோ ரின்கோனை வாங்கியபோது, 25 பேர் பட்டியலில் இடம் ஒதுக்குவதற்காக அவர் நீக்கப்பட்டார். முதன்மை லீக்கில் 10 ஆண்டு சேவை நிறைவு பெற்று முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற, அவருக்குச் சில நாட்களே மீதியிருந்தன. நூலில் இச்செய்தி உண்டு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும், தொலைபேசியில் மற்ற மேலாளர்களைப் பீன் எப்படிச் சாமர்த்தியமாக மடக்கினார் என்ற விறுவிறுப்பு. அந்த விறுவிறுப்பில் மக்னான்டி சில பத்திகளில் கடந்து போகிறார். நூலின் தர்க்கப்படி அது சரியான முடிவு. அந்தத் தர்க்கத்தை ஒரு கணம் நிறுத்திவைத்து, முடிவு செய்பவரும் முடிவுக்கு ஆளானவரும் ஒரே அறையில் இருக்கும் நேரத்தை எழுதியிருந்தால், நூல் இன்னும் உயர்ந்திருக்கும். கண்ணின் அநீதியிலிருந்து ஹாட்டபெர்க்கைக் காப்பாற்றிய அதே கணக்கு, மக்னான்டியை வெளியே அனுப்பியது. இந்த இரண்டும் ஒரே கதை என்பதை லூயிஸ் பார்த்தார்; வாசகர் நின்று பார்க்க இடம் தரவில்லை.

மூன்றாவதாக, 'ஏழை அணி' என்ற சொல்லை நூல் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. செலவு குறைவு என்பது வேறு. உரிமையாளர் ஏழை என்பது வேறு. குறைந்த பணத்தில் வெல்லலாம் என்று மேலாளர் நிரூபிக்க நிரூபிக்க, அதிகப் பணம் தர வேண்டிய அவசியம் உரிமையாளருக்கு இல்லாமல் போகிறது. 2024 பருவத்தோடு அத்லெட்டிக்ஸ் அணி ஓக்லாந்தை விட்டே போய்விட்டது. அந்த முடிவை 2003-இல் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அதன் விதை நூலிலேயே கிடக்கிறது.

எ சீசன் ஆன் தி பிரிங்க்: பின்னணி

1985–86 பருவத்தில் வாஷிங்டன் போஸ்ட் நிருபரான ஃபைன்ஸ்டைன், இந்தியானா பல்கலைக்கழக அணியோடு முழுப் பருவமும் தங்க அனுமதி பெற்றார். பயிற்சி, உடைமாற்றும் அறை, ஆட்டப் பதிவுகளைப் பார்க்கும் கூட்டம், பயணம் என எல்லா இடத்துக்கும் அவருக்கு வாசல் திறந்திருந்தது. அனுமதி தந்தவர் பயிற்றுநர் பாப் நைட்.

நைட் அப்போதே 1976, 1981 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றவர். 1976-இல் அவரது அணி 32 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஜோர்டான் ஆடிய அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். ஆனால் 1985 பிப்ரவரியில் பர்டூ அணிக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் மீதான கோபத்தில் நாற்காலியை மைதானத்தில் வீசியெறிந்தார். அந்தப் பருவம் அவரது அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. நூலின் தலைப்பு சுட்டும் விளிம்பு அதுதான்.

நிறைகள்

நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே டேரில் தாமஸ் என்ற மாணவர், பயிற்சியின்போது சக மாணவர்கள் முன்னிலையில் மிகக் கடுமையாக இழிவுபடுத்தப்படுகிறார். பின்னர் அதே மாணவரிடம் நைட் கனிவாகப் பேசுகிறார். மறுநாள் திரும்பவும் அதே வசை. இந்தச் சுழற்சியை ஃபைன்ஸ்டைன் தீர்ப்புச் சொல்லாமல் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். பத்துப் பயிற்சி நாட்களைப் படித்த பிறகு வாசகருக்கே மூச்சு முட்டுகிறது. இன்று திட்டு யாருக்கு என்று உதவிப் பயிற்றுநர்களும் மாணவர்களும் அவர் முகத்தைப் பார்த்தே கணிக்கும் நிலை, எந்த விளக்கவுரையும் இன்றிப் புரிந்துவிடுகிறது. அச்சத்தால் நடத்தப்படும் ஒரு வகுப்பறை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவு விளையாட்டு எழுத்தில் அரிது.

மறுபக்கத்தையும் நூல் விட்டுவிடவில்லை. நைட் தம் மாணவர்கள் படித்துப் பட்டம் பெறுவதில் கண்டிப்பாக இருந்தவர். வீரர்களை ஈர்க்கப் பணம் கொடுக்கும் பழக்கம் மலிந்த காலத்தில் அதை வெளிப்படையாக எதிர்த்தவர். 1981-இல் கார் விபத்தில் நடக்க இயலாமல் போன தம் அணி வீரர் லாண்டன் டர்னருக்காக நிதி திரட்டியவர். இந்த நல்ல குணங்கள் உண்மையானவை. ஆகவேதான் சிக்கலும் உண்மையானது.

விதிகள் நியாயத்தை எப்படி மறக்கின்றன என்பதற்கும் ஒரு காட்சி உண்டு. அணியின் சிறந்த வீரர் ஸ்டீவ் ஆல்ஃபோர்டு, நற்பணிக்காக மாணவியர் வெளியிட்ட ஒரு நாட்காட்டிக்குப் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஒரு காசும் வாங்கவில்லை. ஆயினும் விதிமீறல் என்று ஓர் ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஆடாத அந்த ஆட்டத்தில் இந்தியானா, கென்டக்கியிடம் 63–58 என்று தோற்றது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 முதல் அனுமதிக்கப்படும் நிலையில், இன்று இந்தப் பக்கங்களைப் படிப்பவருக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

குறைகள்

ஃபைன்ஸ்டைனின் நடுநிலை நூலுக்குப் பலம். ஓரிடத்தில் அதுவே பலவீனம். நைட்டின் கொடுமைக்கு ஒரு பக்கம், கருணைக்கு ஒரு பக்கம் என்று தராசில் வைத்துக்கொண்டே போவதால், இரண்டும் சம எடை உள்ளவை என்ற தோற்றம் உண்டாகிறது. கருணை பெற்றவர் வேறு, கொடுமைக்கு ஆளானவர் வேறு என்றால் அந்தத் தராசு சரியாக இராது. மாணவர்களின் சொற்கள் நூலில் உண்டு. ஆனால் அவை ஆட்ட வாய்ப்பைத் தன் கையில் வைத்திருப்பவரைப் பற்றி, அவருடைய அணியில் இருந்துகொண்டே சொன்ன சொற்கள். அந்த வரம்பை ஆசிரியர் போதிய அளவு சுட்டிக்காட்டவில்லை. நைட்டோ, தம் வசைச்சொற்களை அப்படியே அச்சிட்டதற்காக ஃபைன்ஸ்டைன் மீது கோபம் கொண்டார். சொன்னதற்கு வருந்தாமல் அச்சேறியதற்கு வருந்தியது, நூல் சொல்லாமல் விட்ட தீர்ப்பைச் சொல்லிவிட்டது எனலாம்.

முடிவுகளும் நியாயமும்

1986 மார்ச்சில் 64 அணிகள் மோதும் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே, தரவரிசையில் மிகக் கீழே இருந்த கிளீவ்லாந்து ஸ்டேட் அணியிடம் இந்தியானா 83–79 என்று தோற்றது. ஒரு தோல்வி, அத்தோடு பருவம் முடிந்தது. 2002 அக்டோபரில் 103 வெற்றி பெற்ற ஓக்லாந்து, ஐந்து ஆட்டத் தொடரில் மினசோட்டாவிடம் 3–2 என்று தோற்றது. 162 ஆட்டங்களில் சமன்பட்டுவிடும் அதிர்ஷ்டம், ஐந்து ஆட்டங்களில் சமன்படாது என்று லூயிஸ் விளக்குகிறார். அது சரியான விளக்கமே. நாற்பது நிமிடம் மட்டும் நடக்கும் ஒற்றைக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அடுத்த ஆண்டே, 1987-இல், இந்தியானா சிரக்யூஸை 74–73 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. ஆல்ஃபோர்டு அந்த இறுதி ஆட்டத்தில் ஏழு மூன்று-புள்ளி வீச்சுகளை இட்டார். நைட் விரும்பாத மூன்று-புள்ளிக் கோடு அந்தப் பருவத்தில்தான் கல்லூரி ஆட்டத்தில் பொதுவாக நடைமுறைக்கு வந்திருந்தது. கடைசி நொடிகளில் வெற்றிப் பந்தை இட்டவர் கீத் ஸ்மார்ட். அவருக்குப் பந்தைக் கொடுத்தவர், முந்தைய ஆண்டின் தொடக்கப் பக்கங்களில் இழிவுபடுத்தப்பட்ட அதே டேரில் தாமஸ். நெருக்கடியில் தானே வீசிப் பார்க்காமல், நல்ல இடத்தில் நின்ற தோழரைக் கண்டு கொடுத்தார்.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, நைட்டின் முறை பலித்துவிட்டது" என்று பலர் கூறினர். ஒரே ஒரு பந்து வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால் அந்த வாதம் இருந்திருக்காது. ஆகவே வெற்றியை முறைக்குச் சான்றாகக் காட்டுவது, தோல்வியை அதற்கு எதிரான சான்றாகக் காட்டுவது போலவே பிழை. 2000-ஆம் ஆண்டு, முன்பு ஒரு பயிற்சியில் நைட் ஒரு மாணவரின் கழுத்தில் கைவைத்த காட்சிப் பதிவு வெளியானது. அவ்வாண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. மூன்று பட்டங்களும் அந்தப் பதிவின் முன் விடையாக நிற்கவில்லை.

மணிபாலும் இதே சோதனைக்கு உட்பட்டது. அதே முறையைப் பணபலத்தோடு சேர்த்துக்கொண்ட பாஸ்டன் 2004-இல் 86 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பட்டம் வென்றது. பாஸ்டன் அதற்கு முன்பே பில் ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்திக்கொண்டிருந்தது. பட்டம் கிடைக்காத ஓக்லாந்தின் சிந்தனை அதனால் பொய்யாகவில்லை. பட்டம் கிடைத்ததால் பாஸ்டனின் சிந்தனை கூடுதல் மெய்யாகவும் இல்லை. ஜெரமி பிரௌன் முதன்மை லீக்கில் ஐந்து ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. உடல் பருமனைக் காரணம் காட்டி முதல் சுற்றிலிருந்தே ஒதுக்கப்படுவதைவிட, ஆடிப் பார்த்துத் தோற்பது நியாயமானது.

மதிப்பீடு

மணிபால் எழுத்துத் திறத்தால் சிறந்த நூல். எ சீசன் ஆன் தி பிரிங்க் நேர்மையால் சிறந்த நூல். முதலாவது வாசகரைத் தன் பக்கம் வென்றெடுக்கிறது. இரண்டாவது வாசகரைத் தொந்தரவு செய்கிறது. ஒன்றை மட்டும் படிக்க நேரமுள்ளவருக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கலாம். பேஸ்பால் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். இருபது வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவர் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்ற கேள்வி பழசாகாது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதால் கிடைக்கும் பயன் ஒன்று உண்டு. கண்ணால் மட்டும் தேர்ந்தெடுப்பவர் ஹாட்டபெர்க்கைத் தவறவிடுவார். எண்ணால் மட்டும் தேர்ந்தெடுப்பவர் மக்னான்டியிடம் இன்னும் சில நாள் பொறுக்கமாட்டார். அச்சத்தால் நடத்துபவர் டேரில் தாமஸிடம் ஏற்கெனவே இருந்த நல்ல குணத்தைத் தாம் உண்டாக்கியதாக நினைத்துக்கொள்வார். தேர்வு செய்யும் அதிகாரம் எவர் கையில் இருந்தாலும் – அணி மேலாளரோ, பயிற்றுநரோ, ஆசிரியரோ – அவரை வெற்றிப் பட்டியலைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அவர் விட்டுவிட்டவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதும் அந்த அளவில் சேர வேண்டும். இவ்விரு நூல்களும் அதை நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கண்டுகொள்ளத் தேவையான எல்லாவற்றையும் வாசகர் முன் வைத்திருக்கின்றன.